சோறு, வாசல், நாற்காலி: கடலூர் – சிதம்பரம் வட்டாரத்தில் நாகரிகத்தின் அளவுகோல்

ஒரு சமூகம் நாகரிகம் அடைந்திருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அறிஞர்கள் பல விடைகளைத் தந்திருக்கிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1877-இல் வெளியிட்ட நூலில் மனித குலத்தின் வளர்ச்சியைக் காட்டு நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என மூன்று படிகளாகப் பிரித்தார். எழுத்து தோன்றுவதுதான் மூன்றாம் படியின் தொடக்கம் என்றார். தொல்லியலாளர் கார்டன் சைல்டு 1950-இல் எழுதிய கட்டுரையில் பத்து அடையாளங்களைக் குறிப்பிட்டார்: திரண்ட நகர மக்கள்தொகை, உழவு செய்யாமல் கைத்தொழிலில் வாழ்வோர், வரியாகச் சேரும் உபரி விளைச்சல், பெருங்கட்டடங்கள், ஆளும் வகுப்பு, எழுத்து, கணிதமும் வானியலும், தேர்ந்த கலை, தொலைதூர வணிகம், குலத்தை விடுத்து வாழிடத்தை அடிப்படையாகக் கொண்ட அரசு.

இந்தப் பத்தையும் வைத்துப் பார்த்தால் கடலூர், சிதம்பரம் வட்டாரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேறிவிடும். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரியின் கரை பதினாறு கிலோமீட்டர் நீளம். இன்றும் அதன் நீர் வயலுக்குப் பாய்கிறது, குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. அதே அரசன் தில்லை என்ற சிதம்பரத்தின் நடராசர் கோயிலில் சிற்றம்பலத்துக்குப் பொன்வேய்ந்ததைச் சோழர் செப்பேடுகள் பெருமையோடு பதிந்திருக்கின்றன. கோபுரச் சுவர்களில் நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றியது இந்தக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு. பரங்கிப்பேட்டைத் துறைமுகத்தின் கடல் வணிகமும் பழையது.

ஆனால் சைல்டின் பட்டியல் கேட்காமல் விட்ட கேள்விகள் இரண்டு உண்டு. கல் சுமந்தவரும் மண் வெட்டியவரும் அந்தப் பெருங்கட்டடத்துக்குள் போக முடிந்ததா? உபரியாகத் திரண்ட நெல்லை விளைவித்தவர் வீட்டில் உலை கொதித்ததா? இஸ்ரேலியத் தத்துவ அறிஞர் அவிஷாய் மார்கலிட் 1996-இல் வெளியிட்ட நூல் இந்தத் திசையில் ஒரு தெளிவான வேறுபாட்டைக் கொண்டுவந்தது. மக்கள் ஒருவரை ஒருவர் இழிவுபடுத்தாமல் வாழும் சமூகம் நாகரிகச் சமூகம். நிறுவனங்கள் எவரையும் இழிவுபடுத்தாமல் நடக்கும் சமூகம் கண்ணியமான சமூகம் என்றார் அவர். நல்ல மனிதர்கள் நிறைந்த ஊரில் காவல் நிலையம் கொடுமையாக இருக்கலாம். நேர்மையான சட்டம் உள்ள நாட்டில் தெருவும் திண்ணையும் கொடுமையாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நிலை. அப்படிப் பார்ப்பதற்குக் கடலூர் மாவட்டத்தைப் போல வரலாற்றுச் சான்று செறிந்த நிலப்பகுதி தமிழகத்தில் அதிகம் இல்லை.

பீரங்கிக் குண்டின் எல்லை

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கி அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையோடு சேரும் நிலத்தின் எல்லை, அங்கிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு என்று ஒப்பந்தம். குண்டுகள் சுடப்பட்டன, அவை விழுந்த இடம்வரை இருந்த ஊர்கள் கம்பெனியின் கைக்குப் போயின. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. அங்கே உழுது கொண்டிருந்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்னாளில் இந்த நாட்டுக்கு நாகரிகம் கற்பிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஆட்சி இந்த மாவட்டத்தில் இப்படித்தான் கால் ஊன்றியது. அதன் பிறகு கடலூரின் மஞ்சக்குப்பத்தில் தென்னாற்காடு மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றமும் எழுந்தன.

வடலூர் அடுப்பு

இராமலிங்க அடிகள் என்ற வள்ளலார் 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, சென்னையில் வளர்ந்து, 1858 வாக்கில் மீண்டும் இந்தப் பக்கம் வந்து கருங்குழியில் தங்கினார். 1865-இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியது. பார்வதிபுரம் ஊரார் அதற்காக எழுதிக்கொடுத்த நிலம் 80 காணி, ஏறக்குறைய 106 ஏக்கர். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும் சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் சந்திக்கும் இடம் அது. வழிப்போக்கரும் வேலை தேடிப் போவோரும் கடந்தே ஆக வேண்டிய ஊர். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. சாதி, சமயம், ஊர் எதையும் கேட்காமல் அன்றாடம் சோறு போடப்படுகிறது.

தமிழ்நாட்டில் அன்னதானம் புதிதல்ல. சத்திரங்களும் மடங்களும் நூற்றாண்டுகளாகச் சோறு போட்டு வந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குறிப்பிட்ட சாதியினருக்கோ அடியாருக்கோ உரியவை. எல்லாருக்கும் உண்டு என்ற இடத்திலும் பந்தி தனித்தனியாகத்தான் இருந்தது. கொடுப்பவருக்குப் புண்ணியம் சேர்வதே அந்தத் தானங்களின் நோக்கம். வடலூரில் இந்த நோக்கம் மாறியது. தருமச்சாலைத் தொடக்கத்தின்போது வாசிக்கப்பட்ட ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலில் வள்ளலார் முதலில் எடுத்துப் பேசுவது பசித்தவரின் உடலையும் மனத்தையும்தான். பசி ஏறும்போது கண், செவி, கை, கால், அறிவு என ஒவ்வொன்றாக என்ன ஆகிறது என்பதை ஒரு மருத்துவரின் கூர்மையோடு அவர் வரிசைப்படுத்துகிறார். பிறகு, பசித்தும் வாய் திறந்து கேட்க முடியாத மானமுள்ளவர்களைப் பற்றித் தனியாகப் பேசுகிறார். அவர்களுக்குச் சோறு கொடுப்பது உயிரோடு சேர்த்து மானத்தையும் காப்பது என்பது அவர் வாதம். மார்கலிட் நூலின் மையக் கருத்து இதற்கு மிக அருகில் இருக்கிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் முந்தியே, மேலை நாட்டுத் தத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத ஒருவர், தென்னாற்காட்டுக் கிராமம் ஒன்றில் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் அடுப்பையும் மூட்டினார்.

அதே காலத்தில் தமிழ்ப் புலமை உலகம் வேறொரு சண்டையில் மூழ்கியிருந்தது. 1867-இல் வெளிவந்த, வள்ளலாரின் பாடல் தொகுப்பான திருவருட்பாவை அருட்பா என்று அழைக்கலாமா என்ற வாதம் வளர்ந்து, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்காக 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இந்த அருட்பா மருட்பா போரைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குத் தருமச்சாலையின் நடைமுறை பற்றி எழுதப்படவில்லை என்பது தமிழ் ஆய்வுலகம் சரிசெய்துகொள்ள வேண்டிய குறை.

வடலூர் அடுப்பின் அருமை பத்தாண்டுக்குள் தெரிந்தது. 1876-இல் பருவமழை பொய்த்துச் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், வட ஆற்காடு மாவட்டங்கள் மிகக் கடுமையாக அடிபட்டன. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் இறந்தோர் தொகை ஐம்பது லட்சத்துக்கு மேல் என்றே பெரும்பாலான மதிப்பீடுகள் சொல்கின்றன. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியா அரசியைப் பேரரசியாக அறிவிக்க வைசிராய் லிட்டன் டெல்லியில் பெருவிழா எடுத்தார். அந்த மாதமே அவரால் அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் அதற்கு மேல் சிறு காசும் மட்டும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு அந்த அளவு போதாது என்பதை மருத்துவக் கணக்கோடு காட்டினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவைதாம். தந்தியும் ரயிலும் கணக்குப் புத்தகமும் கொண்ட ஓர் அரசு, ஒரு மனிதன் சாகாமல் இருக்க மிகக் குறைந்தது எவ்வளவு போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பசித்தவர் வயிறு நிரம்பும்வரை போட வேண்டும் என்ற விதியில் வடலூர் நடந்தது. மார்கன் நாகரிகப் படிகளை வகுத்த நூல் வெளியானதும் அதே 1877-இல்தான்.

பஞ்சம் என்பது தானியம் இல்லாமை அன்று, இருக்கும் தானியத்தைப் பெறும் வலு மக்களிடம் இல்லாமை என்று அமர்த்தியா சென் 1981-இல் விரிவாக நிறுவினார். பஞ்சக் காலத்திலும் சென்னைத் துறைமுகத்தில் தானியம் குவிந்து கிடந்தது, ஏற்றுமதியும் நடந்தது என்பது இதற்குப் பொருந்தும். 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையமும் அதன் பின்வந்த பஞ்ச விதித்தொகுப்புகளும் உயிரைக் காப்பது அரசின் கடமை என்ற கருத்தை ஓரளவு ஏற்றன. ஆயினும் சோற்றை உரிமையாகக் கருதும் எண்ணம் தமிழ்நாட்டில் வேறு வழியில் வளர்ந்தது. 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தந்தது. 1956-இல் காமராசர் அரசு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் பள்ளிகளில் சமைத்த உணவு தர ஆணையிட்டபோது, இங்கே அது ஏற்கெனவே பழகிப்போன நடைமுறையாக இருந்தது. இந்த வளர்ச்சிக்கு வடலூர் நேரடிக் காரணம் என்று சொல்ல ஆவணச் சான்று போதாது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே உலையில் வெந்ததை ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் காட்சியைத் தமிழ் மனம் முதலில் எங்கே பார்த்தது என்று கேட்டால், வடலூரைத் தவிர்த்துப் பதில் சொல்ல முடியாது.

அந்தக் காட்சி முழுமை அடைந்துவிடவும் இல்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சமைப்பதை எதிர்த்துச் சாதி இந்துப் பெற்றோர் திரண்டனர். அவரைப் பணியிடம் மாற்றிய அதிகாரிகள், எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றனர். சோறு கிடைப்பது ஒன்று, சமைத்த கையை மதிப்பது வேறொன்று.

வள்ளலாரின் ஏற்பாட்டிலும் ஓர் எல்லை இருந்தது. 1872 ஜனவரி 25 அன்று திறக்கப்பட்ட எண்கோண வடிவச் சத்திய ஞான சபைக்குள் புலால் உண்பவர் நுழையலாகாது என்பது விதி. புலால் உண்பவர்களுக்குப் பசியாற்றுவது மட்டும் உண்டு, மற்ற ஞான உறவு இல்லை என்பது அவர் நிலை. உழைக்கும் சாதிகளில் பெரும்பாலோர் புலால் உண்பவர்கள் என்பதால் இந்த விதியின் விளைவைக் கண்டுகொள்ளாமல் போக முடியாது. இருந்தும், உயிர்க்கொலை மறுப்பை அவ்வளவு தீவிரமாகப் பற்றிய ஒருவர், தன் கொள்கைக்கு மாறாக வாழ்பவருக்கும் சோற்றை மறுக்கவில்லை. சபைக்கு வைத்த நிபந்தனையை அவர் அடுக்களைக்கு வைக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்ற அடிகள் மீண்டும் வெளிவரவில்லை. அடுப்பு அதன் பிறகும் எரிந்தது. ஒரு தனி மனிதரின் இரக்கம் நிறுவனமாக மாறியதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1993-இல் தென்னாற்காடு பிரிக்கப்பட்டபோது கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்கு முதலில் வள்ளலார் பெயரே சூட்டப்பட்டது. 2021 முதல் அவர் பிறந்த நாள் தனிப்பெருங்கருணை நாளாகத் தமிழக அரசால் கொண்டாடப்படுகிறது.

தில்லையின் வாசல்

வடலூரிலிருந்து சிதம்பரம் சில மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் அங்கே கேள்வி வேறு. ஆதனூரில் பிறந்த திருநாளைப்போவார் என்ற நந்தனாரின் கதை மூன்று நிலைகளில் வளர்ந்தது. சுந்தரர் அவர் பெயரை மட்டும் சொன்னார். சேக்கிழார் அவரது சேரி வாழ்வையும் தில்லைக்குப் போகும் ஏக்கத்தையும் விரித்து எழுதி, தீயில் மூழ்கி மறையவர் கோலத்தில் எழுந்து அவர் கோயிலுக்குள் சென்று மறைந்ததாக முடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனை நாடகத்தில், புராணத்தில் இல்லாத பண்ணையார் ஒருவரைக் கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலத்தின் அறுவடையை முடித்துவிட்டுப் போ என்று விரட்டும் அந்த வேதியர் வந்ததும் பக்திக் கதை கூலியின் கதையாகவும் மாறியது. கதையாக விரிந்த பின்னிரு நிலைகளிலும் மாறாத ஒன்று உண்டு: நந்தனார் நந்தனாராகவே உள்ளே போக முடியவில்லை. உடல் எரிந்து வேறு உடலாகிய பிறகே வாசல் திறந்தது. தமிழ்ப் பண்பாடு தன் பெருங்கோயில்களில் ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையில் இவ்வளவு வெளிப்படையான ஒப்புதல் இருக்கிறது. அதைப் பக்தியின் வெற்றியாக மட்டும் பாடி வந்தது நேர்மையான வாசிப்பு ஆகாது.

நந்தனார் பெயரைப் பள்ளிக்கூடத்தின் பெயராக மாற்றியவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்து, திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்து, துறவு பூண்டு 1910-இல் சிதம்பரம் வந்தார். ஓமக்குளத்தில் நந்தனார் மடத்தைக் கட்டிக்காத்ததோடு, 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவித் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் நடத்தினார். கோயில் வாசலில் நின்று கெஞ்சவோ தீயில் இறங்கவோ தேவையில்லாத தலைமுறை ஒன்றை உண்டாக்குவதே அவர் கண்ட வழி. சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும் பல ஆண்டுகள் அமர்ந்து நிலம், கல்வி, உதவித்தொகை பற்றிப் பேசினார். 1959 மே 1 அன்று அவர் காலமானார். அவர் தொடங்கியவை இன்று சிதம்பரத்தில் அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகளாக, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே நடக்கின்றன. அதே நகரில் 1929-இல் ராஜா அண்ணாமலை செட்டியார் பல்கலைக்கழகம் கண்டார். அதன் பெருமையை எழுதாத வரலாற்று நூல் இல்லை. சிதம்பரத்தின் கல்வி வரலாற்றை அதற்குப் பதிமூன்று ஆண்டு முன்பே தொடங்கிய ஓமக்குளத்திலிருந்து எழுதுவதே முறை.

சட்டம் மெதுவாக வந்து சேர்ந்தது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்ட மன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லாருக்கும் உரியவை என்றது. 1947-இல் சென்னை மாகாணத்தின் ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது. காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள் 1952 முதல் மூன்று முறை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தீண்டாமை குறித்து ஆராய மத்திய அரசு 1965-இல் அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். நாடு முழுவதும் சுற்றி அந்தக் குழு 1969-இல் தந்த அறிக்கை, தேநீர்க் கடையின் தனிக்குவளை முதல் கோயில் கருவறையின் பரம்பரை உரிமை வரை தீண்டாமை எங்கெங்கே உயிரோடு இருக்கிறது என்று பதிவு செய்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழ்நாடு 1970-இல் சட்டம் இயற்றியதற்கும், ஏறத்தாழ இருபதாண்டு கழித்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்ததற்கும் பின்னால் இந்த அறிக்கையின் கை உண்டு. வீராணத்தின் தலைமாட்டில் பிறந்த ஒருவர் இந்தியாவுக்கே ஓர் அளவுகோலைச் செய்து கொடுத்தார் என்பது அந்த ஏரியைவிடக் குறைந்த சாதனை அன்று. அவர் பெயர் அவர் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

கோயிலுக்குள் நுழைந்த பிறகும் வாசல்கள் மிச்சம் இருந்தன. சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடும் உரிமைக்காக முதிய ஓதுவார் ஆறுமுகசாமி பல ஆண்டுகள் போராடினார். 2008 மார்ச் 2 அன்று அரசாணையின் பலத்தில், காவல்துறை சூழ, அவர் ஏறிப் பாடினார். தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையிலிருந்துதான் மீட்கப்பட்டன என்று மரபு சொல்லும்போது, அங்கே அதைப் பாடக் காவலர் தேவைப்பட்டது. கோயில் நிர்வாகத்தைப் பொறுத்தவரை, அதன் பரம்பரை அர்ச்சகர்களான பொது தீட்சிதர்களே நிர்வகிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 6 அன்று தீர்ப்பளித்தது. சிற்றம்பல மேடையான கனகசபையில் பக்தர்கள் நின்று வழிபடலாம் என்று 2022 மே மாதம் அரசு மீண்டும் ஆணையிட்டது. ஒரு சமயக் குழுவின் தன்னாட்சி உரிமை மெய்யானது, அரசமைப்பே காப்பது. ஆனால் அந்த உரிமை வழிபட வருபவரை எட்டி நிற்கச் சொல்லும் அதிகாரமாக மாறும் இடத்தில் அதற்கு எல்லை வேண்டும் என்பதை இந்த நெடிய வழக்கு வரலாறு காட்டுகிறது.

காவல் நிலையமும் ஊராட்சி அலுவலகமும்

1871-இல் இந்தியாவில் கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறப்பாலேயே சில சமூகங்கள் குற்றவாளிகள் என்று ஓர் அரசே எழுதி வைத்தது. விடுதலைக்குப் பிறகு சட்டம் ஒழிந்தது. காவல் நிலையங்களின் மனப்பழக்கம் ஒழியவில்லை. 1993 மார்ச்சில் விருத்தாசலம் வட்டம் முதனையைச் சேர்ந்த குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் திருட்டுப் புகாரின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். தப்பி ஓடிவிட்டதாகக் காவலர்கள் சொன்னார்கள். அவர் மனைவி தொடுத்த ஆட்கொணர்வு மனுவை வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்தினார். காவலர்களுக்குத் தண்டனை 2006-இல்தான் உறுதியானது. 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் இந்த வழக்கைப் பரவலாக அறியச் செய்தது. எழுத்தறிவு இல்லாத ஏழைப் பெண் ஒருவரின் மனுவுக்கு உயர் நீதிமன்றம் செவிகொடுத்தது கண்ணியத்தின் அடையாளம். தண்டனை உறுதியாகப் பதிமூன்று ஆண்டு ஆனது அதன் மறுபக்கம்.

2020 அக்டோபரில் புவனகிரிக்கு அருகே தெற்குத்திட்டை ஊராட்சியில் எடுக்கப்பட்ட ஒரு படம் வெளியானது. தேர்தலில் வென்ற தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில். 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஊராட்சியில் தலைமைப் பதவியை ஒதுக்கி ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆகியிருந்தது. பதவியைத் தர முடிந்த சட்டத்தால் நாற்காலியைத் தர முடியவில்லை. படம் வெளிவந்த பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாயிற்று. ஊராட்சிச் செயலாளர் மீதும் நடவடிக்கை வந்தது. இளையபெருமாளின் ஊரிலிருந்து இது தொலைவில் இல்லை. அவர் அறிக்கையின் பயனாக வந்த சட்டமே அந்தப் பெண்ணுக்குத் துணை நின்றது. மார்கலிட் பிரித்துக் காட்டிய இரண்டும் இங்கே ஒன்றாகத் தெரிகின்றன: நிறுவனம் திருந்திய அளவுக்கு மனிதர்கள் திருந்தவில்லை, மனிதர்கள் திருந்தாத இடத்தில் நிறுவனம் மட்டுமே புகலிடம்.

கடலும் காற்றும்

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களின் மக்களுக்குப் பல நாள் சமைத்துப் போட்டார்கள். மதம் குறுக்கே வரவில்லை. அதே பேரிடரில், படகையும் வலையையும் அடிப்படையாக வைத்துக் கணக்கிட்ட நிவாரணத்தில், படகே இல்லாத தலித் கூலிகளும் கழிமுகத்தில் கையால் இறால் பிடித்து வாழும் பிச்சாவரம் பகுதி இருளர்களும் ஓரத்தில் விடப்பட்டார்கள். தமிழகக் கடற்கரை நெடுக இந்தப் புறக்கணிப்பை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அண்டை வீட்டாரின் இரக்கம் யாரையும் விலக்காத இடத்தில், அரசின் படிவம் விலக்கியது.

கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் 1980-களில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையில் மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, வேதிப்பொருள் ஆலைகள் வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் போன்ற ஊர்களில் நிலத்தடி நீர் கெட்டது. காற்றில் நாற்றம் நிலையாகத் தங்கியது. புகார் கொடுத்தால், எந்த வேதிப்பொருள், எவ்வளவு என்று சொல்லுங்கள் என்று அதிகாரிகள் கேட்டார்கள். அதைச் சொல்லும் கருவி ஊராரிடம் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் ஊர்க்காரர்களே கண்காணிப்புக் குழு அமைத்தனர். எந்த நாள், எந்த நேரம், எந்தத் திசைக் காற்றில், அழுகிய முட்டையா, நகப்பூச்சா, எரிந்த ரப்பரா, எந்த நாற்றம் என்று மூக்கால் உணர்ந்ததை நோட்டில் எழுதினர். வாளியும் நெகிழிப் பையும் கொண்டு காற்றைப் பிடித்து வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். 2004-இல் வெளியான முடிவில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் இருந்தன. அவற்றில் பல புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. காற்றில் கலக்கும் இத்தகைய பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அன்று இந்தியாவில் வரம்பே வகுக்கப்பட்டிருக்கவில்லை. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் கடும் மாசுபட்ட தொழிற்பகுதிகள் பட்டியலில் கடலூரைச் சேர்த்தது. மறு ஆண்டு ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அத்தகைய 43 பகுதிகளில் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் அனுமதி தருவதைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்த ஊர்களில் பிறந்து வளர்ந்த உழவரும் மீனவரும் கூலித் தொழிலாளரும் எழுதிய நாற்றக் குறிப்பேடும் அவர்கள் பிடித்து அனுப்பிய காற்றும் சேர்ந்து, அதிகாரிகள் முதலில் கேட்ட கேள்விக்குப் பதிலாக அமைந்தன.